பூண்டு வாசமடிக்கும் பதினோரு மனு

மதினி,

இன்று வெள்ளனே எழுந்து உங்கள் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பேப்பர் போட்டு வைப்பீர்களே, அந்தச் சதுர டப்பா. மூடியைத் தூக்கியதும் பூண்டும் புகையும் கலந்த வாசம் குப்பென்று வந்தது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த வாசம் வந்த பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

டப்பாவில் நல்ல பேப்பர் இன்னும் இருக்கிறது. அதில் எழுதக் கை வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். "கொழுந்தனாரே, இது எழுத்தா, மழையில நனைஞ்ச கோழி நடந்துபோன தடமா?" என்று கேட்டவர் நீங்கள். ஆகையால், சரியாக அச்சாகாமல் கோடு கோடாக வந்த இரண்டு தாள்களின் முதுகில் எழுதுகிறேன். அந்த இரண்டு தாள் எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்த மடலே.

கொடைக்கானலில் பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நீங்கள் ஊருக்கு வந்த அன்று, ஜீப்பில் கட்டில் வந்தது, பீரோ வந்தது, கடைசியாக மடியில் வைத்துப் பிள்ளை மாதிரி ஒரு அட்டைப்பெட்டி வந்தது. அண்ணன் போய் அப்போது ஆறு வருசம். ஊரே வேடிக்கை பார்த்தது. பெட்டியைப் பிரித்தபோது நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"என்ன மதினி, ஒத்த ஆளுக்கு இம்புட்டுப் பெரிய இட்லிச் சட்டியா?"

"பிரிண்டரு. இதுல வேகுற சரக்கு ஒங்களுக்குச் செரிக்காது. தள்ளி நில்லுங்க."

அன்றிலிருந்து ஊர்க்காரர் மனு, விண்ணப்பம், ஆதார் நகல் எல்லாம் உங்கள் வீட்டு முன்னறையில்தான் நடந்தது. அதற்கு முன்னால் ஒரு தாள் நகல் எடுக்க வேண்டுமென்றால் பெருமாள்மலைக்குத்தான் போகவேண்டும். போய்வர ஒரு நாள் சோலி கெட்டுவிடும்.

முதல் மழைக்காலத்திலேயே பிரிண்டர் முரண்டு பிடித்தது. நம் ஊர் மேகம்தான் கதவைத் தட்டாமல் உள்ளே வரும் விருந்தாளி ஆயிற்றே. பேப்பர் நமுத்து, ஓரம் சுருண்டு, ஒரு தாளை இழுக்கச் சொன்னால் மூன்று தாளைச் சேர்த்து இழுத்து விழுங்கியது. நீங்கள் விழுங்கியதைப் பிடுங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் வாசற்படியில் நின்று, "பசி போலிருக்கு மதினி, பாவம், கஞ்சி ஊத்துங்க" என்றேன். அதற்கு வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகு ஒரு நல்ல யோசனையும் சொன்னேன். ஊரிலேயே காய்ந்த இடம் எங்கள் அடுப்படிப் பரண். பூண்டுக் கட்டுகளை அங்கேதான் தொங்கவிட்டிருக்கிறோம். அடுப்புப் புகை பட்டால் பூண்டு ஒரு வருசம் கெடாது. பூண்டைக் காக்கிற புகை பேப்பரைக் காக்காதா?

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டீர்கள். "கொழுந்தனாருக்கும் எப்பவாச்சும் மூளை வேல செய்யுது. சரி, பேப்பர் டப்பா ஒங்க பரணுக்கு வரட்டும். மிசினு மட்டும் ஒங்க அடுப்படிப் பக்கம் வரக்கூடாது. சொல்லிப்புட்டேன்."

ஏன் வரக்கூடாது என்று நான் கேட்கவில்லை. என் கை படும் என்று பயப்படுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பேப்பர் மொடமொடவென்று இருந்தது. பிரிண்டரும் ஒழுங்காக ஒரு ஒரு தாளாக இழுத்தது. ஒரே ஒரு சங்கடம், நம் ஊர் மனுக்கள் எல்லாம் பூண்டு வாசம் அடித்தன. கீழே ஆபீசில் மனு வாங்கும் கிளார்க் தாளை மூக்குக்குக் கொண்டுபோய், "என்ன மேடம், ரசம் வெக்கிற பேப்பர்ல அடிச்சுக் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டானாம். வந்து என்னைத் திட்டுவீர்கள் என்று பதுங்கியிருந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே படியேறினீர்கள்.

"இருக்கட்டும். ஆயிரம் மனு வருது அவங்களுக்கு. படிக்க மறந்தாலும் வாசம் மறக்காது."

பஸ் மனுவும் அப்படித்தான் பூண்டு வாசத்தோடு போய்க்கொண்டே இருந்தது. கீழ் வளைவோடு பஸ் திரும்பிவிடுகிறது. அங்கிருந்து ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். தார் போட்டு வருசம் ஆகியும் மேலே வரமாட்டேன் என்கிறது. கேட்டால், பஸ் திரும்ப மேலே இடமில்லை என்று பதில். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் அத்தனை பெரிய சமதளம் கிடக்கும்போது இடமில்லையாம். நீங்கள் தையல் டேப்பை வைத்து மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, என் மாட்டுக் கயிறு ஒன்றை அளவுகோல் ஆக்கினீர்கள். ஒரு முனை உங்கள் கையில், இன்னொரு முனை என் கையில். நான் பள்ளத்து ஓரம் வரை போய், கயிற்றை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்து ஒரு காலை வெளியே நீட்டி நின்றேன்.

"எங்க நிக்கிறீக?"

"நெலத்துலதான் மதினி."

"ஒங்க காலு அந்தரத்துல கெடக்கு. எனக்குக் கண்ணு தெரியும்."

"நாலடி கூட இருந்தா என்ன இப்ப? பஸ்ஸு அளந்தா பாக்கப்போவுது?"

"பொய் எழுதுன மனுவ நான் டைப் அடிக்க மாட்டேன். பின்னால வாங்க."

பின்னால் வந்தேன். அந்த அளவுதான் மனுவில் ஏறியது. அதை எட்டு தடவை கொடுத்தீர்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு தாள். ஒன்று அவர்களுக்கு. இன்னொன்றில் சீல் வாங்கிப் பைலில் போட்டுக்கொள்வீர்கள். எட்டு சீல் சேர்ந்தது. பஸ் வரவில்லை.

போன ஐப்பசியில் சளி நெஞ்சில் கட்டி, திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்து போய்ச்சேர்ந்தீர்கள். அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரிந்ததுதானே.

காரியம் முடிந்ததும் உங்கள் மகன் சாவியை என்னிடம் கொடுத்தான். "சித்தப்பா, லேப்டாப்பும் பிரிண்டரும் இங்கயே இருக்கட்டும். அம்மா ஊருக்குன்னுதான் வெச்சிருந்தாங்க" என்றான். நல்ல பிள்ளை. அடுப்பு எரியாத வீட்டுக்குள் ஈரம் எவ்வளவு வெரசாகக் குடியேறும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே மாதத்தில் சுவரில் பச்சை பூத்துவிட்டது. பிரிண்டர் வீணாகிவிடும் என்று அதைத் தூக்கிக்கொண்டுவந்து ஒரு ஸ்டூலில் வைத்தேன். எங்கே என்றா கேட்கிறீர்கள்? எங்கள் அடுப்படியில். பரணுக்கு நேர் கீழே. திட்டுவதென்றால் இப்போதே திட்டிவிடுங்கள், மேலே எழுதவேண்டும்.

போன மாதம் பஞ்சாயத்து ஆபீசுக்குப் பெரிய அதிகாரி ஒருவர் காலை பதினோரு மணிக்கு வருகிறார், நேரில் மனு வாங்குகிறார் என்று சேதி வந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் கீழ் வளைவில். எங்கள் வீட்டில் பொன்னுத்தாயி முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முட்டி உங்கள் காலத்தைவிட மோசம். ஒன்றரை வருசமாகக் கீழே இறங்கவில்லை. வடகவுஞ்சியில் கட்டிக்கொடுத்த தங்கச்சி வீட்டில் நல்லது நடந்தது, கெட்டது நடந்தது, எதற்கும் போகவில்லை. ஒரு தடவை நாலு பேர் சேர்ந்து நாற்காலியில் தூக்கிக்கொண்டுபோகிறோம் என்றோம். "பொணம் மாதிரியா? நான் வல்ல" என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு அவள் சொன்னாள், "அக்கா இருந்தா இந்நேரம் ஒம்பதாவது மனு அடிச்சிருப்பாக."

"அவுக இல்லாட்டி என்ன? நான் அடிக்கிறேன்."

"நீங்களா?" என்றாள். அந்த ஒற்றைச் சொல்லில் நாற்பத்திரண்டு வருசக் குடித்தனம் இருந்தது.

லேப்டாப்பில் மனு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 'பஸ்' என்று தமிழிலேயே பெயர் போட்டு வைத்திருந்தீர்கள். நீங்கள் காபி ஆற்றும்போது என்னை அமுக்கச் சொல்வீர்களே, அந்த மூன்று பட்டனும் தெரியும். இடது பக்கம் கீழ் மூலையில் இருப்பதையும், கொடிக்கம்பம் மாதிரி இருக்கிற இங்கிலீஷ் எழுத்தையும் சேர்த்து அமுக்கி, அப்புறம் பெரிய பட்டனைத் தட்டவேண்டும். தட்டினேன். பிரிண்டர் ஒரு முறை உறுமியது, நின்றது. ஆரஞ்சு விளக்கு கண்ணடிக்க ஆரம்பித்தது. இன்னொரு தடவை தட்டினேன். கண்ணடித்தது. எனக்கு எழுபத்திரண்டு வயசு, இந்த வயசில் கண்ணடித்தால் என்ன செய்வது?

அப்போதுதான் உங்கள் அட்டை ஞாபகம் வந்தது. காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி, நூல் கட்டிப் பிரிண்டர் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பீர்களே. நீங்கள் வெளியூர் போகும்போது யாராவது பார்த்துச் செய்யட்டும் என்று ஆறே வரி. எடுத்துவந்து கூரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாசித்தேன்.

வயர் இரண்டு முனையும் சரியாகச் செருகியிருக்கிறதா என்பது முதல் வரி. பிடுங்கிச் செருகினேன், பட்டனைத் தட்டினேன். வரவில்லை. இன்னொரு தடவை தட்டினேன். அடுத்த வரி, பேப்பர் ஈரமா என்று. டப்பாவிலிருந்து புதுத் தாளாக வைத்துத் தட்டினேன், சந்தேகத்துக்கு மூன்று தடவை. மை கோட்டுக்கு மேலே இருந்தது. இருந்தும் நாலு தடவை தட்டினேன். நாலாவது வரி, அணைத்துவிட்டு ஒரு காபி குடிக்கும் நேரம் பொறுக்கவும். பொன்னுத்தாயியிடம் காபி கேட்டேன்.

"மிசினுக்கா, ஒங்களுக்கா?"

"அட்டையில போட்டிருக்குடி. மதினி எழுதுனது."

காபி வந்தது. குடித்தேன், தட்டினேன். ஐந்தாவது, மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கவும், எது கிடந்தாலும் இடுக்கியால் எடுக்கவும், எந்தக் காரணம் கொண்டும் கவிழ்க்க வேண்டாம். அந்தக் கடைசிச் சொல் எனக்காகவே எழுதியது. அதற்குள் கவிழ்த்து உதற வேண்டும் என்று கை பரபரத்துக்கொண்டிருந்தது. கவிழ்த்திருந்தால் மை முழுக்க அடுப்படியில் ஓடியிருக்கும். மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே சுத்தமாக இருந்தது. மூடித் தட்டினேன். வரவில்லை.

மணி ஒன்பது. ஜெராக்ஸ் கடைக்குப் போகலாம் என்றால் பெருமாள்மலைக்குப் போகவேண்டும், அதற்கு பஸ் வேண்டும். பஸ் இல்லாததற்குத்தானே மனுவே. கையால் எழுதிக் கொடுக்கலாம் என்றாள் பொன்னுத்தாயி. என் எழுத்தைப் படிக்க அந்த அதிகாரிக்கு ஓய்வு பெறும் வரைக்கும் ஆகும். அவள் காலை நீட்டி, முட்டியை இரண்டு கையாலும் பிடித்து மடக்கினாள். அவளை நான் பார்க்கவில்லை என்று அவள் நினைத்தாள்.

மிச்சம் ஒரு வரிதான். ஆறாவது. 'கொழுந்தனார் கை வைத்தாரா என்று விசாரிக்கவும்.'

சத்தமாகச் சிரித்துவிட்டேன் மதினி. அப்புறம் சிரிப்பு நின்றது. விசாரித்துத்தான் பார்ப்போமே என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எதில் கை வைத்தேன்? மையில் வைக்கவில்லை. வயரில் வைக்கவில்லை. தூக்கிக்கொண்டுவந்து இங்கே வைத்தேன், அவ்வளவுதான். அண்ணாந்து பார்த்தேன். பரணில் இந்த வருசப் பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பூண்டுத் தோல் பிரிந்து, ஆடி ஆடி இறங்கி, பிரிண்டருக்குப் பின்னால் பேப்பர் நிற்கவைக்கும் வாய்க்குள் போய் உட்கார்ந்தது.

அந்த வாய்க்குள் டார்ச் அடித்தேன். நான் மூடியைத் திறந்து முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பின்பக்கம் மூன்று மாதத்துத் தோல். மிசினு அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்று நீங்கள் சொன்னது என் கைக்குப் பயந்து இல்லை, பூண்டுக்குப் பயந்து என்பது அப்போதுதான் உறைத்தது. காரணத்தையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

இடுக்கி இல்லை. பொன்னுத்தாயியின் கொண்டை ஊசியை வாங்கி ஒவ்வொன்றாக எடுத்தேன். உள்ளங்கை நிறைய வந்தது. ஸ்டூலை இழுத்துப் பரணை விட்டுத் தள்ளிப் போட்டேன். பேப்பரை வைத்தேன். பட்டனைத் தட்டக் கை போகும்போதே பிரிண்டர் தானாக உறுமி ஒரு தாளை இழுத்தது.

முதல் தாள் கோடு கோடாக வந்தது. நாலு மாதமாகச் சும்மா கிடந்த மை. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது தாள் பளிச்சென்று வந்தது. அச்சு அசலாக உங்கள் மனு. எடுத்து முகர்ந்து பார்த்தேன். பூண்டு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நாலாவது வந்தது. அப்புறம் ஐந்தாவது. நிறுத்தத் தெரியவில்லை. நான் எத்தனை தடவை தட்டினேனோ, ஒன்றையும் மறக்காமல் உள்ளே எண்ணி வைத்திருக்கிறது. பதிமூன்று தாள் வந்த பிறகுதான் அடங்கியது.

"அய்யய்யோ, பேப்பர் வீணாப் போச்சே" என்றேன்.

பொன்னுத்தாயி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "கோடு விழுந்தது ரெண்டு போக பதினொன்னு இருக்கு. அடுப்புலயா போடப்போறீங்க? ஆளுக்கொன்னா குடுங்க, எல்லாரும் கொண்டுபோகட்டும். எனக்கு ஒன்னு. நான் இங்கேருந்தே கையெழுத்துப் போடுறேன்."

மனுவின் அடியில் உங்கள் பெயர் அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே 'மற்றும் ஊர் பொதுமக்கள்'. உங்கள் பெயரை எடுக்க எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எடுத்திருக்கமாட்டேன். அதன் கீழே இருந்த இடத்தில் ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டோம். பக்கத்து வீட்டுக் கருப்பையா பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தான்.

"ஏலே, பேரு மறந்துபோச்சா?" என்றேன்.

"சும்மா இருப்பா. மதினி பேருக்குக் கீழ போடுறோம், கோணலாப் போயிரக்கூடாதுல்ல."

பத்துப் பேர் இறங்கினோம். ஒன்பது பேர் கையில் ஆளுக்கொன்று, என் கையில் பொன்னுத்தாயியுடையதும் சேர்த்து இரண்டு. வரிசையாக நின்று கொடுத்தோம். அந்தக் கிளார்க் இப்போது அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறான். முதல் தாளை வாங்கியதுமே மூக்கு சுருங்கியது. "சார், இது பூண்டு மேடம் ஊரு" என்றான் அதிகாரியிடம். நீங்கள் சொன்னது சரிதான் மதினி. வாசம் மறக்கவில்லை.

அதிகாரி புரட்டிப் பார்த்தார். "எல்லாம் ஒரே மனுதானே? ஒன்னு போதாதா?"

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு கஷ்டம் சார்" என்றேன்.

கிளார்க் முனகினான், "பதினொன்னுக்கும் தனித்தனியா நம்பர் போடணும் சார். தனித்தனியா பதிலும் எழுதணும்." அதிகாரி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மனுவைப் பார்த்தார்.

"மேல ஒரு பேரு அடிச்சிருக்கே, அதுக்குக் கையெழுத்து இல்லையே. அவங்க வரலையா?"

"வரல சார்."

"எங்க போயிருக்காங்க?"

"எங்க அண்ணங்கிட்ட" என்றேன். பின்னால் நின்ற கருப்பையா தலையைக் குனிந்துகொண்டான். அதிகாரிக்குப் புரிந்ததோ என்னவோ, மேலே கேட்கவில்லை. கடைசித் தாளை எடுத்தார். "பொன்னுத்தாயி யாரு? நேர்லதான் வரணும்னு சொல்லியிருந்தோமே."

"நேர்ல வர முடிஞ்சா அவளுக்கு மனு எதுக்கு சார்?"

கேலிக்குச் சொல்லவில்லை மதினி. வாழ்க்கையில் ஒரு தடவை கேலி இல்லாமல் பேசினேன், எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "பதினோரு பதில் எழுதுறதுக்கு ஒரு தடவ மேல போய்ப் பாத்துட்டு வந்துரலாம். டேப் எடுங்க" என்றார்.

ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். தண்ணித் தொட்டிப் பக்கம் கிளார்க் ஒரு முனை, டிரைவர் ஒரு முனை பிடித்து அளந்தார்கள். நான் ஒதுங்கி நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் அந்தரத்தில் நீட்டிய கால்தான் ஞாபகத்தில் நின்றது. கிளார்க் டேப்பைப் பார்த்தான், மனுவைப் பார்த்தான். "மனுவுல போட்டிருக்கறதுதான் சார் இங்கயும் இருக்கு. முடிச்சுக்கு முடிச்சு சரியா இருக்கு" என்றான். முடிச்சுப் போட்ட கயிற்றைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னான். நான் போய், அன்று நீங்கள் பின்னால் வரச்சொன்ன இடத்தில் நின்றுகொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலி பஸ் ஒன்று சோதனைக்கு மேலே வந்தது. தொட்டிப் பக்கம் ஒரு தடவை பின்னால் எடுத்து, ஒரே திருப்பாகத் திரும்பியது. இப்போதைக்குக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நேற்றுக் காலை பொன்னுத்தாயி ஜன்னலோர சீட்டில் ஏறி உட்கார்ந்து வடகவுஞ்சிக்குப் போய்விட்டாள். நாலு நாள் இருந்துவிட்டு வருவாளாம். வரும்போது யாரையாவது விட்டு ஆயக்குடிக் கொய்யா வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குப் பிடிக்கும், படத்துக்கு முன்னால் வைப்பேன், அப்புறம் நான் தின்பேன். அது வரை பழைய கஞ்சிதான். ஊருக்கு பஸ் கொண்டுவந்தவனுக்கு வீட்டில் சோறு இல்லை. நீங்கள் இருந்தால் இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பீர்கள்.

மறுநாள் இன்னொரு தாள் அடித்து, அதில் சீல் வாங்கிவந்து பைலில் போட்டுவிட்டேன். ஒன்பதாவது சீல். பிரிண்டரைத் திரும்ப உங்கள் வீட்டு முன்னறைக்கே கொண்டுபோய் வைத்து, அங்கே தினமும் கொஞ்ச நேரம் அடுப்பு மூட்டுகிறேன். பேப்பர் டப்பா மட்டும் எங்கள் பரணில். நீங்கள் வைத்த ஏற்பாடுதான்.

அட்டையும் பழைய இடத்தில் தொங்குகிறது. ஆறாவது வரியை அழிக்கவில்லை. இனிமேல் யார் வந்து பார்த்தாலும் என்னை விசாரிக்கட்டும். அதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. கோழித் தடம்தான், இருந்தாலும் கோணாமல் எழுதியிருக்கிறேன்.

'வைத்தேன். பஸ் வந்தது.'